மொழிபெயர்ப்பாளரின் அம்மா

கடைசி வரிசையிலிருந்து அம்மா கையை ஆட்டினாள்.

கோர்ட்டில் விசாரணை நடக்கும்போது கையாட்டுகிற ஒரே ஆள் தன் அம்மாவாகத்தான் இருக்கும் என்று மகள் பல்லைக் கடித்தாள். வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லி, தண்ணீர் பாட்டிலையும் கையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தாள். சொன்ன பேச்சைக் கேட்டால் அது அம்மாவா?

முழங்கால் டாக்டரைப் பார்க்கக் கிளம்பியவள். டாக்டர் இருப்பது பக்கத்துக் கட்டடம்தானே, உன் கோர்ட்டையும் ஒரு எட்டு பார்த்துவிடுகிறேன் என்று காலையில் தொற்றிக்கொண்டாள். பார்த்துத் தொலைக்கட்டும் என்று மகளும் விட்டுவிட்டாள். அதுவும் இன்றைக்குப் பார்த்தா?

இன்று அவளுக்குக் கடைசிச் செய்முறைத் தேர்வு. பல்கலைக்கழகத்தில் சட்டமும் நீதியும் படிக்கிறாள், மூன்றாவது வருடம். பக்கவாட்டு நாற்காலியில் தேர்வாளர் பேனாவும் தாளுமாக உட்கார்ந்திருந்தார். சாட்சி தமிழில் சொல்வதைக் கோர்ட்டின் மொழியில் சொல்ல வேண்டும். கோர்ட் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. சொந்தமாக ஒரு வார்த்தை பேசினால் தேர்வு போச்சு, மூன்று வருடமும் போச்சு.

இந்தப் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்தே வீட்டில் தலைவலிதான். இதைப் படித்தால் வக்கீல் ஆக முடியாது, கோர்ட் அலுவலகத்துக்குப் போகலாம், நன்னடத்தை அதிகாரி ஆகலாம், இல்லையென்றால் இப்படி மொழிபெயர்க்கலாம் என்று அவளும் படித்துப் படித்துச் சொல்லிவிட்டாள். அம்மா காதில் ஏறினால்தானே. மகள் வக்கீலுக்குப் படிக்கிறாள் என்று சித்தியிடம் சொன்னாள், பெரியப்பாவிடம் சொன்னாள். பல் டாக்டர் வாய்க்குள் கருவியை விட்டிருந்தபோதுகூடச் சொன்னாள். எப்படிச் சொன்னாளோ, அந்த டாக்டருக்குத்தான் வெளிச்சம்.

இன்று காலையிலும் வழியெல்லாம் அதே பாட்டு. கறுப்பு அங்கி எப்போது தருவார்கள் என்று கேட்டாள். தரவே மாட்டார்கள் என்றதும் முகம் தொங்கிப்போயிற்று.

"அடுத்தவங்க பேசறதைத் திருப்பிச் சொல்றதுக்கா மூணு வருஷம்? நீயா எழுந்து நாலு கேள்வி கேக்க வேண்டாமா?"

வக்கீல், வக்கீல், வக்கீல். வீட்டில் ஒரு வக்கீல் இல்லாமல் என்ன குடி முழுகிப் போயிற்று என்று மகளுக்கு ஒருநாளும் புரிந்ததில்லை.

சாட்சிக் கூண்டில் நின்ற பெண்ணுக்கு ஏறக்குறைய அவள் வயதுதான் இருக்கும். பிள்ளைகள் இல்லை. கட்டியவன் அடிக்கிறான் என்று வழக்கு. அவனுடைய வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்து அங்கியைச் சரிசெய்துகொண்டார்.

பின்னால் அம்மா இருமினாள். மகள் திரும்பிப் பார்க்கவில்லை.

வக்கீல் கோர்ட்டின் மொழியில் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள். கேட்டவர் குரலில் உள்ள சூட்டையும் குறைக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதனால் தெளிவாக, கொஞ்சம் அதட்டலாகவே, தமிழில் கேட்டாள்.

"இத்தனை வருஷமா அடி வாங்கினது நிஜம்னா, ஏன் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல?"

சாட்சி பதில் சொல்ல வாயெடுத்தாள்.

பதில் கடைசி வரிசையிலிருந்து வந்தது.

"ரெண்டும் சின்னப் பிள்ளைங்க. கையில புடிச்சுக்கிட்டு நான் எங்க போறது? அவரை ஒரு கேள்வி கேக்க நம்ம வீட்டுல யாரு இருந்தாங்க?"

அம்மா எழுந்து நின்றிருந்தாள். கோர்ட் பேசிய மொழியில் அவளுக்கு ஒரு வார்த்தை தெரியாது. உள்ளே வந்ததிலிருந்து அந்த அறையில் அவளுக்கு நன்றாகப் புரிந்த குரல் மகளுடையதுதான். மகள் கேட்டாள், அவள் சொல்லிவிட்டாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்த பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் என்றால் அப்பா. காலையில்தான் குனிந்து உட்கார்ந்து அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டார். இவ்வளவு நேரம் இருந்த எரிச்சல் போன இடம் தெரியவில்லை. அண்ணனுக்காவது தெரியுமா என்று யோசித்தாள். அப்புறம், இத்தனை வருடம் தெரியாமலே இருந்துவிட்டோமே என்று தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

அந்த அம்மா சொன்னதை மொழிபெயர்க்கும்படி நீதிபதி கேட்டார்.

மொழிபெயர்த்தாள். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தேர்வாளர் மெச்சும்படி தலையை அசைத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

பார்க்க வந்தவர்கள் அமைதியாக இருக்க வேண்டும் என்று நீதிபதி எச்சரித்தார். கடைசி வரிசையில் அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். வக்கீல் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டு மகளைப் பார்த்தார். அதைத் தமிழில் சொல்லியிருந்தால் போதும், தேர்வு முடிந்த மாதிரிதான்.

அவள் சொல்லவில்லை. நீதிபதியின் பக்கம் திரும்பினாள்.

அந்த இரண்டு பிள்ளைகளில் சின்னவள் தான்தான் என்று கோர்ட்டின் மொழியில் ஒரு முறை சொன்னாள். பிறகு அதையே தமிழிலும் சொன்னாள், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி.