எட்டாவது ஆள்

"அஞ்சு மணிக்குள்ள எட்டாவது ஆள் சேரணும் மாஸ்டர். இல்லேன்னா இந்தத் தடவை கிட்டார் வகுப்பு கிடையாது. கமிட்டி முடிவு. என்னை முறைச்சுப் பிரயோஜனமில்ல."

அலுவலக அம்மாள் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபது.

அந்த வட்டாரத்துக் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் இசைப் பள்ளி அது. கிட்டார் மாஸ்டரிடம் மிஞ்சியிருந்தவர்கள் ஏழு பேர். அடுத்த அறை யுகுலேலே டீச்சரிடம் இருபத்தாறு பேர். குட்டி வாத்தியம், நாலே கம்பி, விரல் வலிக்காது என்று பிள்ளைகள் எல்லாம் அந்தப் பக்கம் தாவிவிட்டார்கள். கிட்டார் வகுப்பு நின்றால் மாஸ்டருக்கு வேலை போகும். அவருடைய அறை டீச்சருக்குப் போகும்.

மாஸ்டர் அறைக்குத் திரும்பியபோது டீச்சர் உள்ளே அளவு நாடாவோடு நின்றிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"ஜன்னலுக்குத் திரை தைக்கணும் மாஸ்டர். சும்மா ஒரு உத்தேசத்துக்கு அளந்து வச்சுக்கறேன்."

"மூச்சு இன்னும் நிக்கலைங்க. அதுக்குள்ள பாடைக்கு அளவெடுக்க வந்துட்டீங்களா?"

அப்போது வாசலில் கனத்த பூட்ஸ் சத்தம் கேட்டது. சீருடையில் ஒரு பஸ் டிரைவர். ஐம்பது வயதிருக்கும். கண்கள் இரண்டும் கோவைப்பழம்.

"ஏதாவது ஒரு வாத்தியம் கத்துக்கணும்."

டீச்சர் முந்திக்கொண்டார். "யுகுலேலே கத்துக்குங்க சார். பூ மாதிரி இருக்கும், கேளுங்க." தோளில் தொங்கியதை எடுத்து இதமாக மீட்டினார்.

டிரைவர் காதைச் சாய்த்துக் கேட்டார். "இவ்வளவுதான் சத்தமா?"

"ஆமா சார். பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது."

"அப்ப வேண்டாம்மா."

மாஸ்டருக்குள் விளக்கு எரிந்தது. ஒரே எட்டில் எலக்ட்ரிக் கிட்டாரை எடுத்து, ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் செருகி, திருகைக் கடைசி வரை திருகி ஓர் இழுப்பு இழுத்தார். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அலுவலக அம்மாள் "ஐயோ!" என்று அலறியது மெல்லியதாகக் கேட்டது.

டிரைவர் முகம் மலர்ந்தது. "இது எவ்வளவு தூரம் கேட்கும்?"

"தெருமுனையில படுத்திருக்கிற நாய் எந்திரிச்சு உட்காரும் சார்."

"காங்கிரீட்டைத் தாண்டிப் போகுமா?"

"காங்கிரீட் என்ன சார், கோட்டைச் சுவரையே தாண்டும்!"

"ஆனா எனக்குக் கடைசி டிரிப். வீட்டுக்கு வரவே ராத்திரி ஒரு மணி ஆகும். அப்ப வாசிக்கலாமா?"

டீச்சர் பதறினார். "ஒரு மணிக்கா! அக்கம்பக்கத்துல நாலு பேர் தூங்க வேண்டாமா?"

"நீங்க சும்மா இருங்க டீச்சர். தன் வகுப்புக்கு ஆள் வரலைன்னா இப்படியா வயிறெரியறது? சார், கலைக்கு ஏது பகல், ஏது ராத்திரி? ஒரு மணி அருமையான நேரம். ஊரே அடங்கியிருக்கும். ஸ்வரம் சுத்தமா விழும்."

"யாராவது சண்டைக்கு வந்தா?"

"வரட்டுமே! தூக்கம் வரலைன்னா காதுல பஞ்சு வச்சுக்கிட்டுப் படுக்கட்டும். நமக்குச் சாதகம் முக்கியம்."

டிரைவர் யோசித்தார். "தாளத்துக்குக் காலால தரையில தட்டணுமாமே?"

"கட்டாயம்!"

"பூட்ஸோடவா?"

"பூட்ஸ் இருந்தா ரொம்ப விசேஷம். ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. எனக்கு வாக்குக் கொடுங்க."

டிரைவர் மாஸ்டரின் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தார். நாலு ஐம்பதுக்குப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அலுவலக அம்மாள் முத்திரையைக் குத்தினார். டீச்சர் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பழைய கிட்டாரை டிரைவரின் தோளில் மாட்டிவிட்டு, ஆம்ப்ளிஃபயர் பெட்டியையும் தானே தூக்கிவந்தார்.

"இதையும் வீட்டுக்குக் கொண்டு போங்க சார். பழகுற வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

"உங்களை மாதிரி ஒரு நல்ல மனுஷனை நான் பார்த்ததே இல்ல மாஸ்டர்."

"அதெல்லாம் இருக்கட்டும். இந்த வயசுல இப்படி ஒரு ஆர்வம் எங்கேர்ந்து வந்தது?"

"ஆர்வமா? எனக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம்." டிரைவர் பெட்டியின் கைப்பிடியில் கை வைத்தார். "வீடு மாத்தி மூணு வாரமாச்சு. படுக்க ரெண்டு மணி ஆகுது. அஞ்சு மணிக்கெல்லாம் கீழ்வீட்டுல ஒரு படுபாவி டொய்ங் டொய்ங்னு ஆரம்பிச்சுடறான். இன்னும் அவன் மூஞ்சியைக்கூடப் பார்க்கல. இனிமே எப்படித் தூங்கறான்னு பார்த்துடறேன்!"

அலுவலக அம்மாள் பதிவேட்டில் எழுதிக்கொண்டே கேட்டார். "டிப்போ பின்தெரு, பதினாலாம் நம்பர், மூணாவது மாடி. விலாசம் சரிதானே சார்?"

"சரிதாம்மா" என்று சொல்லிவிட்டு டிரைவர் பெட்டியை இழுத்தார். அதே பதினாலாம் நம்பரில் இரண்டாவது மாடியில் குடியிருந்து, தினமும் விடிகாலை ஐந்து மணிக்குச் சாதகம் செய்யும் மாஸ்டர் மட்டும் கைப்பிடியை விடவே இல்லை.