மில் பேச்சு

ரசம் ஊற்றும்போது அம்மாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கண்ணை மட்டும் தூக்கினாள்.

'உங்கக்கா நாளைக்கு வர்றாங்களா?'

எதிரே சம்மணமிட்டிருந்த அப்பாவின் உதடு பதில் சொன்னது.

'காலைல முதல் பஸ்சுக்கு.'

கோயமுத்தூரில் மில்காரர்கள் குடியிருந்த அந்த லைன் வீடுகளில் இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் இந்தப் பேச்சு தெரியும். நூற்பு மிஷின்கள் போடும் இரைச்சலில் மில்லுக்குள் தொண்டை கிழியக் கத்தினாலும் யார் காதிலும் விழாது. ஆகவே உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார்கள். வம்பு, சண்டை, கல்யாணப் பேச்சு எல்லாம் அப்படித்தான். வீட்டுக்கு வந்தபின், பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாததைப் பேசவும் அதுவே வசதியாகப் போயிற்று. சுவருக்கும் காது உண்டு என்று பயந்த மனிதர்கள், பெற்ற பிள்ளைக்குக் கண் உண்டு என்பதை மறந்துவிட்டார்கள்.

அவள் முதலில் படித்த சொல், 'தூங்கிட்டாளா?'

பாயில் படுத்து, இமை இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்தே மற்றதையும் படித்தாள். வாய்ப்பாடு ஏறாத மண்டையில் இது மட்டும் மளமளவென்று ஏறியது. தீபாவளிப் பாவாடை என்ன நிறம் என்பது அவளுக்கு முன்னாலேயே தெரியும். எந்தச் சேவலை அறுக்கப் போகிறார்கள் என்பதும் தெரியும். சேவலுக்காக அழுதபோது வயிற்றுவலி என்று சொல்லிச் சமாளித்தாள். கசப்பான கஷாயம்தான் கிடைத்தது.

இன்றைக்கு வந்தது சேவல் சமாச்சாரம் இல்லை.

'துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேனுங்க.'

'அந்த பாபின் கட்டையவும் வெய்யி. அது இல்லாட்டி அவன் தூங்கமாட்டான்.'

பாபின் கட்டையின் சொந்தக்காரன் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். தம்பி மருது. இன்னும் பள்ளிக்கூடம் போகாதவன். மில்லில் நூல் சுற்றித் தேய்ந்து கழித்துப்போட்ட அந்தக் கட்டைதான் அவனுக்கு பஸ்சும் லாரியும்.

பொள்ளாச்சி அத்தைக்குப் பிள்ளை இல்லை. தோப்பு இருக்கிறது, பசு இருக்கிறது. இங்கே மில் வாரத்தில் பாதி நாள் சாத்திக் கிடக்கிறது. போன வாரம் முழுக்க அந்த இரண்டு வாய்களும் இதைத்தான் மென்றுகொண்டிருந்தன. 'எங்கக்காதானே, அன்னியமா?' என்றார் அப்பா. 'அங்க நல்லாச் சாப்புடுவான்' என்றார். அம்மா முதலில் முடியாது என்றாள். பிறகு பார்க்கலாம் என்றாள். நேற்று வெறுமனே தலையை ஆட்டினாள்.

மகளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முழங்கால் தானாக ஆடியது. அம்மா அதைக் கையால் அழுத்தினாள். காலை ஆட்டினால் குடும்பத்துக்கு ஆகாதாம். ஆகாததெல்லாம் தட்டுக்கு மேலே நடந்துகொண்டிருந்தது.

தண்ணீர் குடித்தாள். இன்னும் வேண்டும் என்று எழுந்து பானைக்குப் போனாள். குடிக்காமலே திரும்பி வந்தாள்.

அழுதால் தெரிந்துவிடும். கேட்டாலும் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அவள் கண்ணெதிரே இனி யாரும் உதட்டை அசைக்கமாட்டார்கள். எல்லாம் வெளியே, சந்தில், இருட்டில் நடக்கும். அதற்குப் பிறகு ஒன்றுமே தெரியாத மற்றப் பிள்ளைகளைப் போல அவளும் இருக்க வேண்டியதுதான். நினைக்கவே பயமாக இருந்தது.

'இவகிட்ட என்ன சொல்றது?' அம்மாவின் முகவாய் அவள் பக்கம் லேசாக அசைந்தது.

'விருந்தாடப் போயிருக்கறான்னு சொல்லிப்போடு. நாலு நாள்ல மறந்துபோடுவா.'

மருது தன் தட்டிலிருந்த அப்பளத் துண்டு ஒன்றை எடுத்து அவள் தட்டில் போட்டான். கருகின துண்டு. அவனுக்குக் கருகினது ஆகாது. தினமும் அது அவளுக்குத்தான் வரும்.

அவள் அதைப் பார்த்தாள். தலையைத் தூக்கி, அப்பாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

வாயைத் திறந்தாள். சத்தம் போடவில்லை.

'நான் மறக்கமாட்டேனுங்கப்பா. குடுக்காதீங்க.'

வாய்க்குப் போய்க்கொண்டிருந்த சோற்று உருண்டையோடு அப்பாவின் கை பாதி வழியில் நின்றது.

அம்மா கரண்டியை ரசச் சட்டிக்குள் விட்டாள். மகளையே பார்த்தாள். ஒவ்வொரு ராத்திரியாகப் பின்னால் போய், என்னென்ன பேசினோம் என்று தேடுவதுபோல் வெகுநேரம் பார்த்தாள்.

அப்பாவின் உதடு எதையோ சொல்ல வந்தது. மகள் பார்ப்பதைக் கண்டு மூடிக்கொண்டது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

அப்போதுதான் அம்மா பேசினாள். பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரிப் பேசினாள்.

"ஏனுங்க, எதா இருந்தாலும் இனிச் சத்தமாச் சொல்லுங்க. அவன் காதுலயும் உளுகட்டும்."

தன்னைப் பற்றித்தான் ஏதோ பேச்சு என்று மருதுவுக்குப் புரிந்துவிட்டது. வாய் நிறையச் சோற்றோடு அப்பாவை நிமிர்ந்து பார்த்தான். நல்ல சேதியாகத்தான் இருக்கும் என்று முகமெல்லாம் சிரிப்பு.

அப்பா தொண்டையைச் செருமினார்.

மறுபடியும் செருமினார்.

பிறகு, கையிலேயே நின்றுபோயிருந்த அந்த உருண்டையை மருதுவின் பக்கம் நீட்டினார். அவன் வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு ஆவென்று திறந்தான்.

அவள் அப்பாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.