மூன்றாவது கோடு

“ரெண்டு தடவை போய், ‘கோளாறு இல்லை’ன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தியே, அந்த வீட்டம்மா மறுபடியும் புகார் பண்ணியிருக்காங்க” என்றார் சர்வீஸ் மேனேஜர். “இந்தத் தடவை உன்மேல தப்புன்னு வந்துச்சுன்னா, உன் சீட்டு கிழிஞ்சுது.”

வாஷிங் மெஷின் மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வீட்டுப் படியேறினான்.

“வாங்க தம்பி! இன்னிக்காவது கண்ணத் தொறந்து பாப்பீங்களா?” அந்த அம்மா மூடியைத் திறந்து காட்டினார். “தண்ணி மூணாவது கோடு வரைக்கும் ஏறும். இப்ப ரெண்டைத் தாண்ட மாட்டேங்குது.”

“இது தண்ணி மிச்சம் பண்ற மெஷின்மா. துணியை எடை போட்டு, அதுக்கேத்த தண்ணிதான் எடுக்கும். எத்தனை தடவை சொல்றது?”

“அதே மூணு பேர் துணிதான் போடுறேன். நான் என்ன பொய்யா சொல்றேன்?”

சரியான வீண்வம்பு என்று நினைத்துக்கொண்டான். முந்தைய இரண்டு முறையும் மோட்டாரையும் குழாயையும் மட்டுமே சோதித்தவன், இன்று உள்ளே கிடந்த துணிகளை அள்ளி வெளியே போட்டான். அந்த அம்மாவின் உடைகள், காலர் நைந்த முழுக்கைச் சட்டைகள், இரண்டு துண்டு.

“ரெண்டு பேர் துணிதானே இருக்கு? மூணாவது ஆளோடது எங்கே?”

மாட்டிக்கொண்டார் என்றுதான் நினைத்தான்.

அந்த அம்மா குனிந்து, துணிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதுவரை சுவரோரம் நின்றிருந்த கணவர் அருகே வந்தார்.

“மூணாவது ஆள் எங்க பையன். பட்டறையில வேலை. கிரீஸ் ஏறுன யூனிஃபார்ம் மட்டுமே பாதி மெஷினை அடைச்சுக்கும். அவன் தவறிப்போய் மூணு மாசமாச்சு தம்பி. இவ, மெஷின்தான் கெட்டுப்போச்சுங்கிறா. கோளாறு இல்லைன்னு நீங்க எழுதிக் குடுத்த ரெண்டு நாளும் ஒரு வாய் சாப்பிடல.”

மெக்கானிக் தலைநிமிரவில்லை. மெஷினின் பின்பக்கத்தைத் திறந்தான். துணியை எடை பார்க்காமல், எப்போதும் முழுத் தண்ணீர் எடுக்கும்படி மாற்றினான். துணிகளைப் போட்டு ஓடவிட்டான்.

“அம்மா, வந்து பாருங்க.”

கதவு திறந்தது. தண்ணீர் மூன்றாவது கோட்டைத் தொட்டு நின்றது.

“நான்தான் சொன்னேனே, மெஷின்லதான் கோளாறுன்னு!” குரல் உடைந்தது அந்த அம்மாவுக்கு.

“ஆமாம்மா.”

படியிறங்குமுன், மேனேஜருக்குப் போகும் தாளில் எழுதிக் கையெழுத்திட்டான்:

‘கோளாறு இருந்தது. இரண்டு முறை வந்தும் மெக்கானிக் கவனிக்கவில்லை.’