அலமாரிக்குப் பின்னால்

கூடத்துச் சுவரின் அடியில் ஒரு காற்றுவழி இருந்தது. அறைக் காற்றை வாங்கி, கூரைக்குள் இருந்த ஏசி விசிறிக்குத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. ஒருநாள் அதன் முகத்தோடு ஒட்டி ஒரு புது அலமாரி வந்து நின்றது.

"அண்ணே, நாலு விரல் தள்ளி நில்லுங்க. மேலே விசிறிக்கு மூச்சு முட்டுது."

"குளிரைக் கொடுக்கிறது அந்த விசிறி. ஒருத்தருக்கும் ஒண்ணும் கொடுக்காத உனக்கு எதுக்குடா இடம்?" என்றது அலமாரி.

அதுவும் சரிதானோ என்று காற்றுவழிக்கே தோன்றிவிட்டது.

குளிர் போதவில்லையென்று வீட்டுக்காரர்கள் விசிறியை இன்னும் முடுக்கினார்கள். அது இருமியது, இரைந்தது, ஒரு மத்தியானம் கருகி நின்றது.

"சொத்தை விசிறி" என்றது அலமாரி.

மறுநாள் வந்த புது விசிறி, "கீழே யாருப்பா, காற்று அனுப்பு" என்று உற்சாகமாகக் குரல் கொடுத்தது.

காற்றுவழி, அலமாரியின் முதுகு விட்ட இடுக்கில் கிடைத்த துளிக் காற்றை மேலே அனுப்பியது.