வக்கீலம்மா கேட்ட கேள்விகள்

“இதுக்கு முன்னாடி எங்கே இருந்தீங்க?”

வீட்டுக்கார அம்மாவுக்குச் சுருக்கென்றது. “எங்கே இருந்தேனா? என் சொந்த வீட்ல இருந்தேன்!”

“அதைக் கேக்கலம்மா. வேற வக்கீல்கிட்ட போயிருப்பீங்களே? ஏன் விட்டுட்டு வந்தீங்க?” மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த வக்கீலம்மா சிரிக்காமல் கேட்டாள். தன் பெண் வயதுதான் இருக்கும் என்று வீட்டுக்கார அம்மா கணக்குப் போட்டாள்.

“ஒருத்தர் அந்த ஆளை நாலு தட்டு தட்டலாம்னார். நான் இருக்கிற வம்பு போதும்னு வந்துட்டேன்.”

“சரி, என்ன நடந்தது?”

“மாடியில குடியிருந்தவன் காலி பண்ணான். சாமானை வேன்ல ஏத்திட்டான். மேலே போய்ப் பார்த்தா சுவர் பூரா ஆணி. அம்மை வந்த முகம் மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கு. பூசிக் குடுத்துட்டுப் போன்னேன். முடியாதுன்னான். கேட்டைப் பூட்டி சாவியை இடுப்புல சொருகிக்கிட்டேன்.”

“வேன் உள்ளேயா?”

“ஆமா.”

“டிரைவர்?”

“வேனை விட்டுட்டு அவன் எங்கே போவான்?”

“அவர் மனைவி, குழந்தை?”

“நாற்காலி போட்டு நிழல்லதான் உக்கார வெச்சேன். நான் என்ன ராட்சசியா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் அவசரமாகத் தலையை உயர்த்தி மின்விசிறியைப் பார்த்தார்.

“போலீஸ் வந்துதான் பூட்டைத் திறந்தீங்க, இல்லையா? ஒருத்தரைப் போகவிடாமத் தடுக்கிறது குற்றம்மா. சின்னக் குற்றம்தான், ஆனா குற்றம்.”

கணவர் வாயைத் திறந்தார். “அதான் நானும் சொல்றேன் வக்கீலம்மா. சின்னதுதானே? ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டா ஒரே நாள்ல தலைமுழுகிடலாம்.”

“ஃபைன் ஒரே நாள்ல முடிஞ்சிடும் சார். பேர் முடியாது. ஒத்துக்கிட்டா குற்றவாளின்னு பதிவாயிடும். நாளைக்கு வெளிநாட்டு விசாவுக்குப் போய் நின்னா, தண்டனை வாங்கியிருக்கீங்களான்னு கேப்பாங்க. ஆமான்னுதான் சொல்லணும்.”

வீட்டுக்கார அம்மாவின் கை புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது.

“வெளிநாட்டுல இருக்கிற என் பெண்ணுக்கு இது ஏழாம் மாசம். தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்குத் தோசை திருப்பக்கூடத் தெரியாது. நான் போகலேன்னா அவளை யார் பார்த்துக்குவா?” உள்ளே வந்ததிலிருந்து முதல்முறையாகக் குரல் இறங்கியது.

“பயப்படாதீங்க. அந்தக் குடியிருந்தவர் சமாதானத்துக்கு ஒத்துக்கிட்டா கேஸை முடிச்சுக்க வழி இருக்கு. நான் பேசிப் பார்க்கலாம். ஆனா ஒண்ணு, அதுவரைக்கும் நீங்க வாயைத் திறக்கவே கூடாது. யார் கேட்டாலும்.”

கணவர் வக்கீலம்மாவைப் புது மரியாதையோடு பார்த்தார்.

“அப்போ கேஸை எடுத்துக்கிறீங்களா?”

“அதுக்கு முன்னாடி உங்களைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். வீட்ல எத்தனை பேர்?”

“நாங்க ரெண்டு பேர்தான்.”

“சொந்தக்காரங்க, சிநேகிதங்கன்னு யாராவது வந்து தங்குவாங்களா?”

“எங்க வீட்டுக்கு யாரும் வர்றதில்லை.”

“ராத்திரி லேட்டா வீடு திரும்பற பழக்கம் உண்டா?”

“இந்த வயசுலயா?”

“சார் குடிப்பாரா?”

“அதுக்கெல்லாம் தைரியம் வேணும்!”

“உங்களைப் பத்தி நல்லபடியா ரெண்டு வார்த்தை சொல்ல அக்கம்பக்கத்துல யாராவது?”

வீட்டுக்கார அம்மா யோசித்தாள். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மனதுக்குள் போய்விட்டுத் திரும்பினாள். கணவரைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, விடுங்க. குளிச்சு முடிச்சதும் குழாயை இறுக்கி மூடுவீங்களா?”

அவ்வளவுதான்.

“இந்தாம்மா! நான் கேஸ் குடுக்க வந்தேனா, சம்பந்தம் பேச வந்தேனா? நான் குழாயை மூடினா என்ன, திறந்து விட்டா என்ன? கௌரவமான மனுஷியை உக்கார வெச்சு இப்படியா குடையறது? ஏதோ திருடி கையும் களவுமா மாட்டினவ மாதிரி! என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது?”

“எனக்கும் அன்னைக்கு இப்படித்தான் கோபம் வந்தது” என்றாள் வக்கீலம்மா.

“என்னைக்கு?”

“உங்க மாடி வீட்டை வாடகைக்குக் கேட்டு வந்த அன்னைக்கு. இப்போ காலி பண்ணாரே, அவர் குடிவர்றதுக்கு முன்னாடி. ஹெல்மெட்டைக் கழட்டக்கூட விடல நீங்க, அதனால முகம் ஞாபகம் இருக்காது. கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி வெச்சு இத்தனை கேள்வியும் கேட்டீங்க. குழாய் உள்பட. எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். கடைசியா என்ன வேலைன்னு கேட்டீங்க. கிரிமினல் வக்கீல்னேன். ‘கண்டவங்களுக்கும் வாதாடறவளுக்கு இங்கே வீடு இல்லை’ன்னு கதவைச் சாத்திட்டீங்க.”



வீட்டுக்கார அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தலை நிமிரவில்லை.

“எழுந்திருங்க, போகலாம்” என்றாள் கணவரிடம், பாதிக் குரலில். “இவங்க எப்படி நம்ம கேஸை எடுப்பாங்க?”

வக்கீலம்மா வக்காலத்துப் பத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தி, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.

“உக்காருங்கம்மா, கையெழுத்துப் போடுங்க. கண்டவங்களுக்கும் வாதாடறதுதானே என் வேலை?”