பூ வாக்கு

"புரதம் அதிகமா இருக்குதுன்னா முட்டையை நிறுத்திட்டாப் போவுது. அதுக்கு எதுக்குக் கரண்டு?"

எருமப்பட்டிக் கோழிப்பண்ணைக்காரன் குமரன் இப்படிக் கேட்டதும் அவன் மனைவி வித்யா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அவன் நாக்கோரத்துப் புற்றுக்கட்டியை வெட்டியெடுத்துவிட்டார்கள். வெட்டிய சதையைச் சோதித்ததில் ஏதோ ஒரு புரதம் அளவுக்கு மீறி இருக்கிறதாம். அப்படி இருந்தால் கட்டி மறுபடி வரும் அபாயம் அதிகம், தாமதிக்காமல் கதிர்வீச்சுக் கரண்டு வைக்கவேண்டும் என்றுவிட்டார் டாக்டர்.

"அது முட்டையில இருக்கிற புரதம் இல்லீங்க. கட்டிக்குள்ள இருந்ததுங்க."

"கட்டியத்தான் வெட்டியாச்சே! அப்புறம் எங்கிருந்து வரும்?"

டாக்டர் சொன்னபோது வித்யாவுக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் எல்லாம் குழம்பிவிட்டது. கரண்டு வைக்காவிட்டால் இந்த மனுசன் தனக்கு இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

அடுப்படியிலிருந்து மாமியார் பெரியநாயகியின் குரல் வந்தது. "டாக்டரு சொன்னாப் போயிருவியா? எங்க அப்பன் ஊரு மாரியாத்தாகிட்டப் பூ கேக்கலாம். அவ சொன்னாப் போ சாமி, இல்லீனா உடு."

"அதுதான் செரி," என்றான் குமரன். மாரியம்மன் வாக்கை அவன் மீறியதே இல்லை; பெண்டாட்டி வாக்கைக் கேட்டதும் இல்லை.

மருமகள் கிழக்கு என்றால் மாமியார் மேற்கு என்பாள். வழக்கம்தான். பெற்ற பிள்ளையின் உயிர் விஷயத்திலுமா?

வெள்ளிக்கிழமை மூவரும் கோயிலுக்குப் போனார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, வெளியே தெரியாமல் இலையில் தனித்தனியாக மடித்துச் சாமி முன்னால் வைக்கவேண்டும். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம் என்றுதான் வித்யா தன் பிறந்த ஊரில் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள்.

மடிக்கும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளியையே வைத்தாள். 'தாயே, மன்னிச்சுரு' என்று மனதுக்குள் அழுதுகொண்டே தட்டை மாமியாரிடம் கொடுத்துவிட்டுக் கால் கழுவப் போனாள்.

பூசாரி கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார்.

சிவப்பு!

கால் கழுவித் திரும்பிய வித்யா பொட்டலத்தையே பார்த்தாள். வைத்தது வெள்ளை, வந்தது எப்படிச் சிவப்பு? தன் திருட்டுத்தனத்துக்குச் சாமியே தண்டனை கொடுத்துவிட்டதா? வெளியில் சொல்லவும் வழியில்லை.

"வாக்குக் கெடச்சிருச்சு. தாராளமா வைத்தியத்துக்குப் போகச் சொல்றா தாயி," என்றார் பூசாரி.

குமரன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "அப்பச் செரி வித்யா, நாளைக்கே போயிரலாம்," என்றபடி வண்டியை எடுக்கப் போனான்.

வித்யா ஒன்றும் புரியாமல் மாமியாரைப் பார்த்தாள். பெரியநாயகி மடியை அவிழ்த்து, இரண்டு வெள்ளை அரளியை எடுத்து மருமகள் கையில் திணித்தாள்.

"திருட்டு வேலை பண்றவ கேட்டுட்டுப் பண்ணக் கூடாதா அம்மிணி? இந்தக் கோயில்ல செவப்புதான் 'போ'ங்கற வாக்கு. நல்லவேளை, ரெண்டுலயும் செவப்பு வெக்கலாம்னு நான் பிரிச்சுப் பாத்தேன்!"