மகாராணியின் கொட்டாவி

எஃகு மேசையில் மகாராணியை இறக்கி வைத்ததும் மருத்துவர் முதலில் அதன் வயிற்றைத்தான் அமுக்கிப் பார்த்தார்.

மகாராணி என்பது எங்கள் மேஸ்திரி வைத்த பேர். தட்டை முகம், பஞ்சு மூட்டை மாதிரி முடி, அசல் பாரசீகப் பூனை. "கான்கிரீட் உடைக்கிறவன் வீட்ல மகாராணியா! நீ அதுக்கு ராஜாவாய்யா, காவக்காரனாய்யா?" என்று சிரித்தார்.

ஒரு வீட்டில் குளியலறையை இடிக்கப் போன இடத்தில் கிடைத்தது. பழைய வீட்டுக்காரர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் பூனையை என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னென்னவோ சொன்னார். மெல்லிய குரல்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

வயசான பூனை என்று பார்த்தாலே தெரிந்தது. எனக்கு மட்டும் என்ன, இளமையா திரும்புகிறது? மனைவி போன பிறகு அறையில் மூச்சு விடுகிற இன்னோர் உயிர் இருந்தால் போதும் என்றிருந்தது.

அது வந்ததிலிருந்து கீழ்வீட்டுப் பெண் என்னைக் கண்டால் முகத்தைச் சுளிப்பாள். பணக்காரப் பூனை இவனுக்கு வாய்த்ததே என்று வயிற்றெரிச்சல் போல, என்று மேஸ்திரியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

இங்கேயும் அப்படித்தான். வெளியே காத்திருந்தவர்கள் எல்லோரும் என் கூடையையே பார்த்தார்கள். சட்டையில் சிமெண்டுத் தூசி, அதனால் இருக்கும் என்று தட்டிவிட்டுக்கொண்டேன். சீட்டு கொடுத்த பெண் வாய்க்குள்ளேயே ஏதோ கேட்டாள். சிரித்து வைத்தேன்.

மருத்துவர் பரவாயில்லை. பெரிய உடம்புக்காரர். எங்கள் ஆட்கள் மாதிரி அடிவயிற்றிலிருந்து பேசினார்.

"தண்ணி நிறைய குடிக்குதா?"

"குடம் குடமா, சார். தீனிதான் இறங்க மாட்டேங்குது."

சிறுநீரகம் இரண்டும் சுருங்கிப்போய்விட்டன என்றார். அதன் வாயைப் பிரித்துக் காட்டினார். நாக்கு ஓரமெல்லாம் புண். இன்றைக்கு நேற்று வந்ததில்லை, ரொம்ப நாளாக வலித்திருக்கும் என்றார்.

என்னால் நம்ப முடியவில்லை.

"இல்ல சார், இது ரொம்பப் பொறுமைசாலி. வந்த நாள்லேர்ந்து ஒரு தடவகூடக் கத்துனதில்ல."

சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வேலை முடிந்து கதவைத் திறப்பேன். எதிரே வந்து உட்காரும். என் முகத்தைப் பார்த்து வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விடும். வந்துட்டியா, உனக்கு வேற போக்கிடம் இல்லியா என்கிற மாதிரி. நானும் பதிலுக்கு ஒன்று விடுவேன். அது ஒன்று, நான் ஒன்று. எங்கள் வீட்டுப் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

மருத்துவர் என்னைப் பார்த்தார். மகாராணியைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"என்ன வேலைங்க பாக்குறீங்க?"

"பிரேக்கர் மிஷின் பிடிக்கிறேன் சார். மீசை மொளைக்கிறப்போ பிடிச்சது, இன்னும் கீழ வைக்கல."

அவர் மேசை மேலிருந்த சின்னக் கைமணியை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

மணியின் நாக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் முட்டுவதைப் பார்த்தேன்.

கதவு திறந்தது. சீட்டு கொடுத்த பெண் எட்டிப் பார்த்தாள். கூப்பிட்டீர்களா என்று கேட்டிருக்க வேண்டும். உதடு அசைந்தது.

மருத்துவர் என் தோளில் கை வைத்தார். நிறுத்தி நிறுத்தி, சத்தமாகச் சொன்னார்.

"ஐயா, உள்ள வந்ததுலேர்ந்து அது கத்திக்கிட்டேதான் இருக்கு."

மகாராணி என் பக்கம் திரும்பியது. என் முகத்தைப் பார்த்தது. வாயை அகலத் திறந்தது.

அதன் தொண்டையில் விரலை வைத்தேன். மிஷின் கைப்பிடி மாதிரி அதிர்ந்தது.

வழக்கம்போல நானும் வாயைத் திறந்தேன்.

கதவருகே நின்ற பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.